பணிப்பொருளை நிலைநிறுத்தும் பிக்சர்: ஆறு புள்ளி நெறியும் பயன்பாடும்

ஆய்வுச் சுருக்கம்

உலோகப் பாகங்களைப் பெருந்தொகையாக உற்பத்தி செய்யும்போது, ஒவ்வொரு பாகத்தையும் இயந்திரத்தில் ஒரே நிலையில் வைத்துப் பிடிக்கும் துணைக்கருவி இன்றியமையாததாகிறது. பிக்சர் எனப்படும் அக்கருவியின் வடிவமைப்பில் ஆதாரப்பரப்பைத் தெரிவுசெய்தல், ஆறு புள்ளி நெறி, பிடிவிசையின் விளைவு, செலவு ஆகியன பெறும் இடத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பிக்சர், ஜிக், ஆதாரப்பரப்பு, சுதந்திர இயக்கக்கூறு, பிடிவிசை.

முன்னுரை

ஒரு தகட்டில் உரிய இடத்தில் ஒரு துளையிடுவது தேர்ந்த தொழிலாளிக்கு எளிய செயல். கோடு கீறி, சென்டர் பஞ்சால் புள்ளியிட்டு, துளையிட்டால் போதும். அதே துளையை 5,000 தகடுகளில் அதே இடத்தில் இடுவதே கடினம். ஒவ்வொரு தகட்டையும் தனித்தனியே அளந்து குறிப்பதற்கு நேரம் மிகும். பிழைகளும் ஒன்றுபோல் அமையா. இச்சிக்கலுக்குத் தீர்வாகவே ஜிக்கும் பிக்சரும் தோன்றின. ஜிக், பணிப்பொருளைப் பிடிப்பதோடு வெட்டுக்கருவியையும் வழிநடத்தும். துளையிடும் ஜிக்கில் உள்ள கடினமாக்கப்பட்ட புஷ் இதற்குச் சான்றாகும். பிக்சர் பணிப்பொருளை நிலைநிறுத்திப் பிடிப்பதோடு நின்றுவிடும்; வெட்டுக்கருவியின் பாதையை இயந்திரமே தீர்மானிக்கும்.

ஒற்றை ஆதாரப்பரப்பு

பிக்சரின் வரலாற்றில் அமெரிக்கத் துப்பாக்கித் தொழிலுக்குச் சிறப்பிடம் உண்டு. ஜான் ஹால் என்பார் 1819இல் அமெரிக்க அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி படைக்கலச்சாலையில் 1,000 துப்பாக்கிகளைச் செய்யும் பணியை ஏற்றார். ஒரு துப்பாக்கியின் பாகம் மற்றொன்றிலும் பொருந்த வேண்டும் என்பது அவருடைய நோக்கம். போர்க்களத்தில் பழுதுற்ற துப்பாக்கியைக் கொல்லரின் உதவியின்றிச் செப்பனிடுவதற்கு அதுவே வழி. பின்னர் சிமியன் நார்த் என்பாரும் கனெக்டிகட்டில் அதே துப்பாக்கியைச் செய்தார். 1834 அளவில் இருவேறு ஊர்களில் செய்யப்பட்ட பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தும் நிலை எட்டப்பட்டது.

ஹால் கண்டறிந்த அடிப்படை இது: ஒரு பரப்பை வெட்டியபின் அப்பரப்பையே அடுத்த வெட்டுக்கு ஆதாரமாகக் கொண்டால் பிழைகள் சேர்ந்துகொண்டே செல்லும், எல்லா வெட்டுகளுக்கும் ஒரே ஆதாரம் வேண்டும். இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு தகட்டின் விளிம்பிலிருந்து முதல் துளையையும், அதிலிருந்து இரண்டாவதையும், அதிலிருந்து மூன்றாவதையும் இடுவதாகக் கொள்வோம். ஒவ்வொரு முறையும் 0.05 மி.மீ. பிழை நேரக்கூடுமாயின், விளிம்பிலிருந்து மூன்றாம் துளையின் பிழை 0.15 மி.மீ. வரை செல்லலாம். மூன்றையும் விளிம்பிலிருந்தே இட்டால் எந்தத் துளையின் பிழையும் 0.05ஐக் கடவாது. ஆயினும் அடுத்தடுத்த இரு துளைகளுக்கு இடைப்பட்ட தொலைவில் 0.10 வரை வேறுபாடு நேரலாம். ஆகவே, பாகம் பொருந்துமிடத்தில் எந்த அளவு முதன்மையானது என்பதை அறிந்த பின்னரே ஆதாரப்பரப்பைத் தெரிவுசெய்தல் வேண்டும்.

ஆறு புள்ளி நெறி

வெளியில் தடையின்றி இருக்கும் திடப்பொருளுக்கு ஆறு சுதந்திர இயக்கக்கூறுகள் உள்ளன: மூன்று அச்சுகளின் வழியே நகர்தல் மூன்று, அவற்றைச் சுற்றிச் சுழல்தல் மூன்று. அடிப்பரப்பில் அமையும் மூன்று புள்ளிகள் ஒரு நகர்வையும் இரு சுழற்சிகளையும் தடுக்கின்றன. நீளப்பக்கத்தின் இரு புள்ளிகள் ஒரு நகர்வையும் எஞ்சிய சுழற்சியையும் தடுக்கின்றன. குறுகிய பக்கத்தின் ஒரு புள்ளி இறுதி நகர்வைத் தடுக்கிறது. பொருள் இப்புள்ளிகளை விட்டு விலகாதவாறு காப்பது கிளாம்பின் பணி.

ஆறுக்கு மேற்பட்ட புள்ளிகள் கூடுதல் உறுதி தரும் எனக் கருதுவது பிழையாகும். முக்காலி மேடுபள்ளமான தரையிலும் ஆடாமல் நிற்கும். நான்கு கால் இருக்கை ஆடும். அவ்வாறே சீரற்ற வார்ப்பு ஒன்றின் அடியில் நான்கு நிலைப்புள்ளிகளை வைத்தால், எந்த மூன்றில் அது அமரும் என்பது பொருளுக்குப் பொருள் மாறும். கூடுதல் தாங்கல் தேவைப்படின், பொருள் அமர்ந்தபின் உயர்த்தித் தொடச்செய்யும் திருகுத் தாங்கியே பொருத்தமானது. இரு துளைகளில் இரு பின்களைச் செருகி நிலைநிறுத்தும்போதும் இதே காரணத்தால் ஒரு பின் உருளையாகவும் மற்றது வைர வடிவிலும் அமைக்கப்படுகிறது. துளைகளின் இடைத்தொலைவில் நேரும் சிறு வேறுபாட்டை வைர வடிவப் பின் ஏற்றுக்கொள்ளும்.

பிடிவிசையும் உருத்திரிபும்

பிடிவிசை குறைந்தால் பொருள் நழுவும், மிகுந்தால் வளையும். மெல்லிய சுவருடைய வளையத்தை மூன்று தாடைச் சக்கில் இறுகப் பிடித்து உட்புறத்தைக் கடைந்தால், பிடியில் உள்ளவரை துளை வட்டமாகவே அளவு காட்டும். தாடைகளைத் தளர்த்தியதும் வளையம் தன் இயல்வடிவுக்கு மீள, துளை மும்முகமாகத் திரியும். இயந்திரத்திலேயே அளந்து ஏற்கப்பட்ட பாகம் பொருத்துமிடத்தில் மறுக்கப்படுவதற்கு இது ஒரு காரணமாகும். எனவே பிடிவிசை தாங்குபுள்ளிகளுக்கு நேர் எதிரே செல்லுமாறு கிளாம்ப் அமைதல் வேண்டும். உலோகச் சீவல்கள் தங்காதவாறு புள்ளிகளைச் சுற்றி இடம் விடுவதும் தேவை. புள்ளியின்மேல் சிக்கும் ஒரு சீவல், மேற்கண்ட கணக்குகள் அனைத்தையும் பொய்யாக்கிவிடும்.

செலவும் திறனும்

ஒரு பிக்சருக்கு 40,000 ரூபாய் செலவாகி, அது பாகம் ஒன்றுக்கு 8 ரூபாய் மிச்சப்படுத்துவதாகக் கொண்டால், 5,000 பாகங்களுக்குப் பின்னரே அச்செலவு ஈடாகும். அதற்குக் குறைவான தேவைக்குப் பிரித்துப் பூட்டத்தக்க கூறுகளாலான பிக்சரே ஏற்றது. பிக்சர் வந்தபின் அளந்து குறிக்கும் திறன் இயந்திரத்தின்முன் நிற்பவரிடமிருந்து டூல் ரூமுக்கு இடம்பெயர்கிறது. ஆயினும் பொருள் சரியாக அமரவில்லை என்பதை முதலில் உணர்வது அதனை நாள்தோறும் ஏற்றி இறக்கும் கையே. அவருடைய கருத்தைக் கேளாது வரையப்படும் பிக்சர், தாளில் குறையின்றி இருந்தும் பட்டறையில் ஒதுக்கப்படுவதுண்டு.

முடிவுரை

பிக்சரின் துல்லியம் இறுகப் பிடிப்பதனால் அமைவதன்று. ஆதாரப்பரப்பை ஆராய்ந்து தெரிவதாலும், வேண்டிய ஆறு தடைகளை மட்டும் விதிப்பதாலும், பிடிவிசையை அளவோடு செலுத்துவதாலும் அமைவது. கணிப்பொறிவழி இயங்கும் இயந்திரங்கள் வெட்டுக்கருவியின் பாதையைத் துல்லியமாக்கியுள்ளன. எனினும் பொருள் எங்கு அமர்ந்துள்ளது என்னும் வினாவிற்கு விடை பிக்சரையே சார்ந்துள்ளது என்பது இவ்வாய்வின்வழிப் புலனாகிறது.