முதல் வெல்டிங் மெஷின்: வாங்குமுன் சில வார்த்தைகள்

நபி தாவூத் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் இரும்பை மென்மையாக்கிக் கொடுத்ததையும், அளவு பிசகாமல் கவச வளையங்களைச் செய்யுமாறு பணித்ததையும் திருக்குர்ஆனின் 34-வது அத்தியாயம் எடுத்துரைக்கிறது. அத்தகைய கைத்தொழிலை நம் இளைஞர் பலரும் விரும்பிக் கற்கின்றனர். கார் டிங்கரிங் பழகிச் சொந்தப் பட்டறை வைக்க முனைவோரும், அதற்குப் பணம் கொடுக்கும் பெற்றோரும் முதலில் கேட்பது, எந்த வெல்டிங் மெஷினை வாங்குவது என்பதே.

விலை மலிவு என்பதால் ராடு வைத்துப் பற்றவைக்கும் ஆர்க் மெஷினையே பலர் நாடுகின்றனர். கேட், கிரில் போன்ற கனமான இரும்புக்கு அது ஏற்றதே. காரின் பாடித் தகடோ பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லியது. ஆர்க்கின் வெப்பம் அதனை எளிதில் ஓட்டையாக்கிவிடும். ஆகவே, கம்பி தானாக வெளிவரும் மிக் மெஷினே பொருத்தமானது.

அது எத்தனை ஆம்பியர் வரை ஏறும் என்பதைவிட, எவ்வளவு குறைவாக இறங்கும் என்று கேளுங்கள். 30, 40 ஆம்பியருக்கு இறங்கினால் நலம். 0.6 அல்லது 0.8 மில்லிமீட்டர் கம்பி அதில் ஓட வேண்டும். சிங்கிள் பேஸில் இயங்குமா, கியாஸ் சிலிண்டர் இணைக்க வழியுண்டா என்பதையும் பாருங்கள். கியாஸ் தேவைப்படாத பிளக்ஸ் கம்பி செலவைக் குறைக்கும். ஆனால் மெல்லிய தகட்டுக்கு அதன் சூடு அதிகம். வட்டிக் கடனில் பெரிய மெஷின் வாங்குவதைவிடக் கையிருப்புக்கேற்ற சிறியதில் தொடங்குவதே பரக்கத்துக்குரியது.

கறுப்புக் கண்ணாடி பதித்த வெல்டிங் முகமூடி, தோல் கையுறை, தீயணைப்பான் ஆகியவற்றின் விலையையும் சேர்த்தே கணக்கிடுங்கள். வெல்டிங் ஒளியை வெறுங்கண்ணால் பார்த்தால், சில மணி நேரத்தில் மணல் விழுந்தாற்போல் கண் உறுத்தும். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். வேலைக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். பெட்ரோல் டேங்க், குழாய்கள் பக்கம் தீப்பொறி செல்லலாகாது.

இறுதியாக ஒன்று. மேலே அழகாகத் தெரியும் வெல்டிங் உள்ளே பிடிக்காமல் இருக்கக்கூடும். பெயிண்ட் அடித்தபின் அதனை அல்லாஹ்வையன்றி எவர் காண்பார்? சேசிஸ், சீட் பெல்ட் பொருத்தும் இடம் போன்றவற்றை நம்பி ஒரு குடும்பமே பயணம் செய்கிறது. கை தேறும்வரை பழைய தகடுகளில் பழகுங்கள். அத்தகைய வேலையைத் தேர்ந்தவரிடம் அனுப்பிவிடுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும் தொழிலில் ஓர் அமானிதமே. அந்த நேர்மையோடு தொடங்கும் பட்டறை, இன்ஷா அல்லாஹ், நிலைத்து வளரும்.