மூளைக்கு ஏறாத மலேரியா

கோபன்ஹேகன்ல டிசம்பர்ல மூன்றரை மணிக்கெல்லாம் இருட்டிடும் மக்களே. சைக்கிளை நிறுத்திட்டு மரத்துப் போன விரலோட அம்மாவுக்கு போன் போட்டேன். "இந்த வாரம் என்னடி படிக்கிற?" "மலேரியாம்மா." கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "உங்க பெரிய மாமாவுக்கு அதுதான் மூளைக்கு ஏறிடுச்சு" என்றார்.

ராமேஸ்வரம். மாமாவுக்கு ஆறு வயசு. நாலு நாள் காய்ச்சல், அப்புறம் வலிப்பு, அவ்வளவுதான். எங்க வீட்டுல அதுக்கு மேல யாரும் பேசினதில்லை.

உண்மையில் மலேரியா கிருமி மூளைக்குள்ள ஏறுறதே இல்லை. ஃபால்சிபாரம் வகைக் கிருமி சிவப்பணுவுக்குள்ள சுமார் 48 மணி நேரம் வளரும். வளர வளர அந்த அணு விறைச்சுப் போகும். விறைச்ச அணுவை மண்ணீரல் சும்மா விடாது, வடிகட்டிடும். அங்கே போகாம இருக்க, கிருமி அணுவின் மேல்தோலில் சின்னச் சின்ன முண்டுகளை உண்டாக்கி, அதில் ஒரு ஒட்டுப் புரதத்தை நிறுத்தி வைக்குது. பேரு பிஎஃப்ஈஎம்பி1. அதை வச்சு ரத்தக் குழாயின் உள்சுவரைப் பிடிச்சுத் தொங்கும். ஒவ்வொரு கிருமியிடமும் இந்தப் புரதத்துக்கு 60 வாக்கில் மரபணுக்கள். நம்ம உடம்பு ஒண்ணை அடையாளம் கண்டா, அடுத்த சட்டையை மாட்டிக்கும். திருட்டுப் பய!

சுவரில் எதைப் பிடிக்குது என்பதில்தான் உயிர் இருக்கு. 2013-ல் இதே ஊரைச் சேர்ந்த லூயிஸ் டர்னர், தாமஸ் லாவ்ஸ்ட்சன் குழுவினர் நேச்சர் இதழில் விடை சொன்னார்கள். கடும் மலேரியாவோடு தொடர்புள்ள ஒட்டுப் புரதங்கள் ஈபிசிஆர் என்ற கொக்கியைப் பிடிக்கின்றன. அந்தக் கொக்கிக்குச் சொந்த வேலை ஒண்ணு இருக்கு. 'புரதம் சி'-யைத் தூண்டிவிடும். அது ரத்தம் தேவையில்லாம உறையாம பார்க்கும், அழற்சியைத் தணிக்கும், சுவர் கசியாம காக்கும். கிருமி வந்து உட்கார்ந்தா அந்தக் காவல் தடுமாறும். குழாய் அடைபட்டு, சுவர் கசிஞ்சா மூளை வீங்கும். மண்டையோடு விரியாதே, மூளை எங்கே போகும்?

மலாவியில் மூளை மலேரியா வந்த 168 குழந்தைகளை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்த ஆய்வு 2015-ல் வந்தது. இறந்த 25 பேரில் 21 பேருக்கு மூளை கடுமையா வீங்கியிருந்தது.

நல்ல சேதியும் உண்டு. 2024-ல், ஈபிசிஆரைப் பிடிக்கும் பலவகைப் புரதங்களையும் ஒருசேரத் தடுக்கிற மனித எதிர்ப்புரதங்களைக் கண்டுபிடிச்சதா இந்த ஊர்க்காரங்களும் சேர்ந்த குழு அறிவிச்சது. மருந்தா வர இன்னும் தூரம் இருக்கு. அதுவரைக்கும், காய்ச்சல்னா முதல் நாளே ரத்தப் பரிசோதனைதான்.

இதையெல்லாம் அம்மாவுக்குச் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "அப்ப அது உள்ளயே வரலையா? வாசல்ல நின்னுக்கிட்டேவா என் அண்ணனைக் கொன்னுச்சு?" என்றார்.

ஆமாம்மா.

இவ்வளவு படிச்சும் இதை இவ்வளவு சுருக்கமா எனக்குச் சொல்லத் தெரியலை.