தூக்குவதும் தாங்குவதும்

மாமல்லபுரம் செல்வோர், அங்குள்ள குன்றின் சரிவில் பெரியதோர் உருண்டைப் பாறை நிற்பதைக் கண்டு வியப்பர். அதனைக் 'கிருஷ்ணனின் வெண்ணெய்ப் பந்து' என்று அழைப்பர். அதன் எடை ஏறத்தாழ 250 டன். 1908ஆம் ஆண்டில் ஏழு யானைகளைக் கட்டி இழுத்தும் அஃது அசையவில்லை என்பர். உருண்டுவிடும்போலத் தோன்றும் அப்பாறை உருளாதிருப்பது ஏன்? அதன் எடை முழுவதும் நேர்கீழே உள்ள கெட்டியான பாறையின்மீது இறங்குகிறது. உராய்வு அதனைச் சறுக்காமல் காக்கிறது.

இவ்வுண்மையை வீட்டு வாயிலில் காரை உயர்த்தும்போதும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும். காரைத் தூக்க உதவும் கருவி ஜாக்கி. திருகு ஜாக்கியின் கைப்பிடியைப் பலமுறை சுற்றினால் கார் சிறிதளவே உயரும். சிறு விசையை நெடுந்தொலைவு செலுத்திப் பெரும்பளுவைக் குறுந்தொலைவு உயர்த்துவதே அதன் நுட்பம். எனினும், தூக்குவதே ஜாக்கியின் தொழில். தாங்கி நிற்பது அன்று. அதன் அடி மிகச் சிறியது. கார் சற்றே நகர்ந்தாலும் ஜாக்கி சாய்ந்துவிடும்.

ஆதலின், காரை முதலில் கெட்டியான சமதரையில் நிறுத்துக. கடற்கரைச் சாலையோர மணலில் ஜாக்கி புதையும். செங்கல்பட்டின் ஏரிக்கரை ஊர்களில் மழைக்காலத்துச் சேற்றிலும் அவ்வாறே. அத்தகைய இடங்களில் காரை உயர்த்தாதிருத்தலே நன்று. காரினுள் எவரும் இருத்தல் கூடாது. கைபிரேக்கை இழுத்துவிட்டால் மட்டும் போதாது. பெரும்பாலான கார்களில் அது பின்சக்கரங்களையே பற்றும். பின்புறம் உயர்ந்தால் அதன் பிடி பயன்படாது. ஆகவே தரையிலிருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். சக்கரத்தைக் கழற்றுவதாயின், உயர்த்துமுன்னரே அதன் நட்டுகளைச் சிறிது தளர்த்துக. உயர்த்தியபின் வலிந்து திருகினால் கார் ஆடும்.

காரைச் செய்தோர் குறித்த இடத்திலேயே ஜாக்கியைப் பொருத்துக. உயர்த்தியவுடன் அகன்ற கால்களையுடைய இரும்புத் தாங்கிகளைக் காரின் வலிய பகுதியின்கீழ் வைத்து, மெல்ல இறக்கி எடையை அவற்றின்மேல் அமர்த்துக. பின்னர்க் காரைக் கையால் மெல்லத் தள்ளி, அசைகிறதா என்று பார்க்க வேண்டும். செங்கல்லை அடுக்கித் தாங்கியாக்குதல் கூடாது; அது திடீரென நொறுங்கும். ஜாக்கி மட்டும் தாங்கும் காரின்கீழ்க் கையையோ தலையையோ ஒருபோதும் நீட்டலாகாது. ஆயிரம் கிலோ எடையுள்ள கார் விழும்போது விலகிக்கொள்ள நேரம் இராது.

வெண்ணெய்ப் பந்தை இயற்கை நிலைநிறுத்தியது. உயர்த்திய காரை நிலைநிறுத்துவது நமது பொறுப்பு. தாங்கி வைக்கச் செலவாவது சில நிமிடங்களே. அவை காப்பதோ ஓர் உயிர்.