வண்டியைத் தூக்கிவிட்டார்கள்: மேல்முறையீட்டுக்கு அனுமதி எப்போது கிடைக்கும்?

டோம்பிவிலியில் ஆட்டோ, டெம்போ ஓட்டிப் பிழைக்கும் நம்மவர்கள் பலருக்கும் வண்டி வந்த வழி தவணைதான். டியூ இரண்டு மூன்று நின்றால் வசூல் ஆட்கள் வழியிலேயே மறித்து வண்டியை எடுத்துப் போய்விடுகிறார்கள். "சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போவேன்" என்று கொதிப்பது நியாயமே. ஆனால் அங்கே மேல்முறையீடு செய்ய முதலில் அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதியை உரிமையாகக் கேட்க முடியாது.

வழக்கு தொடங்கும் இடம்

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கடன் கொடுத்த நிறுவனத்தின் தலைமையகம் சென்னையில் இருந்தாலும், டோம்பிவிலிக்காரர் தாணே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். சொந்தப் பிழைப்புக்காக மட்டும் வாங்கிய வண்டி என்றால் அவரும் நுகர்வோர்தான். தீர்ப்பு பாதகமானால் 45 நாளுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம், இதுவரை உரிமை. அதற்கு மேல் தேசிய ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு என்றால், முக்கியமான சட்டக் கேள்வி இருக்க வேண்டும்.

சிறப்பு அனுமதி மனு

அரசியலமைப்பின் 136ஆவது பிரிவுப்படி உச்ச நீதிமன்றத்தில் தாக்கலாவது இது. பொதுவாக 90 நாள் கெடு. யார் பக்கம் நியாயம் என்பதற்கு முன்பே, இந்த வழக்கை விசாரித்தே ஆக வேண்டுமா என்பதைத்தான் நீதிபதிகள் பார்க்கிறார்கள். இந்த அதிகாரத்தை அரிதாகவே பயன்படுத்த வேண்டும் என்று 1950இலேயே பிரீதம் சிங் வழக்கில் சொல்லிவிட்டார்கள். அனுமதி கிடைத்தால் மனு மேல்முறையீடாகிறது. காரணம் சொல்லாமல் தள்ளுபடி செய்தாலோ, கீழ்த் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் சரியென்று ஏற்றதாகப் பொருளில்லை. இது 2000இல் குன்ஹாயம்மது வழக்கில் தெளிவானது. தேசிய ஆணையம் மேல்முறையீட்டிலோ சீராய்விலோ தந்த உத்தரவு என்றால் முதலில் உயர் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று 2023இல் யுனிவர்சல் சோம்போ வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது.

ஒரு ஜீப்பின் கதை

உத்தரப் பிரதேசத்தில் ஒருவர் 2002இல் மகிந்திரா மார்ஷல் வண்டியை வாடகைக் கொள்முதல் முறையில், தவணையில் எடுத்தார். 35 தவணையில் 7தான் கட்டினார். கடன் கொடுத்த மேக்மா ஃபின்கார்ப் நிறுவனம் வண்டியை எடுத்துக்கொண்டது. மாவட்ட மன்றம் முதல் தேசிய ஆணையம் வரை அவர் பக்கமே தீர்ப்பு. மேக்மா ஃபின்கார்ப் உச்ச நீதிமன்றம் போய், 2020இல் வென்றது. வாடகைக் கொள்முதலில் கடைசித் தவணை தீரும்வரை நிறுவனமே உரிமையாளர், ஒப்பந்தம் இடம் தந்தால் வண்டியை எடுக்கலாம் என்றது தீர்ப்பு. முறையான நோட்டீஸ் தராததற்காக அவருக்குக் கிடைத்தது 15,000 ரூபாய்.

இதை அடாவடிக்குக் கிடைத்த உரிமமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அடியாட்களை வைத்து வண்டியைப் பறிக்கக் கூடாது, சட்ட வழியில்தான் எடுக்க வேண்டும் என்று 2007இல் ஐசிஐசிஐ வங்கி வழக்கில் அதே நீதிமன்றம் கண்டித்திருக்கிறது. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காகக் கடன்காரரை அழைக்கக் கூடாது என்று 2022இல் ரிசர்வ் வங்கியும் அறிவுறுத்தியது.

கையில் இருக்க வேண்டியவை

ஒப்பந்த நகல், கட்டிய ரசீதுகள், நோட்டீஸ் வந்த உறை. உறையின் அஞ்சல் முத்திரைத் தேதியே பல வழக்குகளில் சாட்சி. வண்டியை மிரட்டிப் பறித்தால் அன்றே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். தீர்ப்பு வந்ததும் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பியுங்கள். வழக்கறிஞருக்குப் பணமில்லையென்றால் சட்ட உதவி ஆணையம் இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது.

டெல்லி உச்ச நீதிமன்றத்தில் புதிய சாட்சியம் சேர்க்க இடம் மிகக் குறைவு. தாணேயில் முதல் நாள் தாக்கல் செய்யும் காகிதங்களே கடைசிவரை பேசும். அவற்றைப் பத்திரப்படுத்துவதில்தான் ஓட்டுநரின் பலம் இருக்கிறது.