47 பந்துகளும் ஷெர்சரின் ஒரு கத்தலும்: ஒரு ப்ளூ ஜேஸ் ரசிகனின் கணக்கு

"அவன் ரெண்டடி தள்ளி நிண்டிருந்தா காணும் தம்பி. கப் இப்ப எங்கட கையில இருந்திருக்கும்."

2025 நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை காலை. ஸ்கார்பரோவில் இடியப்பப் பார்சலுக்குக் காத்திருந்தபோது கடை அண்ணை சொன்னது இது. முந்தின இரவு உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் டொராண்டோ ப்ளூ ஜேஸ் 11 இன்னிங்ஸ் ஆடி லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸிடம் 5-4 என்று தோற்றிருந்தது. கடையில் இருந்த யாரும் சரியாகத் தூங்கியிருக்கவில்லை. சாம்பல் கண்களோடு ஆளாளுக்கு ஒரு லைனப் போட்டுக்கொண்டிருந்தோம். யாரை எடுத்திருக்கக் கூடாது, யாரை இறக்கியிருக்க வேண்டும் என்று பெரிய பஞ்சாயத்து.

அந்தப் பஞ்சாயத்தில் எனக்கும் ஒரு கட்சி உண்டு. ஆனால் அதைச் சொல்வதற்கு முன், இரண்டு வருஷம் முன்னால் நான் தப்பாகப் பேசிய ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். கிரிக்கெட்டில் ஒரு பவுலரை இரண்டு ஓவரில் நிறுத்திவிட்டு, தேவைப்பட்டால் கடைசியில் மறுபடி கொண்டுவரலாம். பேஸ்பாலில் அந்தப் பேச்சே இல்லை. ஒருமுறை வெளியே எடுத்தால் அந்த ஆட்டத்தில் அவர் திரும்ப வர முடியாது. பேட்டிங் வரிசையில் ஒருவரை மாற்றினாலும் அப்படித்தான், அந்த இடம் ஆட்டம் முடியும்வரை புதிதாக வந்தவருக்கே. கையில் இருப்பது 26 பேர். ஆக, மேனேஜர் செய்கிற ஒவ்வொரு மாற்றமும் கதவைச் சாத்திவிட்டு சாவியைக் கிணற்றில் போடுவது மாதிரி.

இப்போது 2023 அக்டோபர் 4-க்கு வருவோம். மினியாபொலிஸ். மூன்று ஆட்டங்கள் கொண்ட வைல்ட் கார்டு தொடரில் முதல் ஆட்டம் 3-1 என்று போய்விட்டது. இரண்டாவதும் போனால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ப்ளூ ஜேஸுக்காகப் பந்து வீசியவர் ஹோசே பெரியோஸ். 2021 வரை அதே மினசோட்டா ட்வின்ஸ் அணியில் இருந்தவர், அந்த மைதானத்தின் ஒவ்வொரு மூலையும் தெரிந்தவர். மூன்று இன்னிங்ஸில் ஐந்து ஸ்ட்ரைக்அவுட், ஒரு ரன்கூட இல்லை. நான்காவது இன்னிங்ஸின் முதல் பேட்டருக்கு ஒரு வாக் கொடுத்தார். அவ்வளவுதான், மேனேஜர் ஜான் ஷ்னைடர் நடந்து வந்து பந்தை வாங்கிக்கொண்டார். பெரியோஸ் வீசியிருந்தது 47 பந்துகள்.

உள்ளே வந்தவர் யூசெய் கிகுச்சி, இடது கை பிட்சர். ஒரு சிங்கிள், ஒரு வாக், கார்லோஸ் கொரேயாவின் சிங்கிளில் ஒரு ரன், அடுத்து டபுள் பிளேயின்போது இன்னொரு ரன். ஆட்டம் 2-0 என்று முடிந்தது. சீசனும் முடிந்தது.

ஏன் அப்படிச் செய்தார்கள்? இது திடீர்ப் பைத்தியம் இல்லை. வலது கை பிட்சரை எதிர்கொள்ள இடது கை பேட்டர்களுக்குப் பொதுவாகவே கொஞ்சம் சாதகம். பெரியோஸ் வலது கை என்பதால் ட்வின்ஸ் தன் வரிசையில் இடது கைக்காரர்களை நிரப்பியிருந்தது. நடுவில் சட்டென்று இடது கை பிட்சரை இறக்கினால் ட்வின்ஸுக்கு இரண்டே வழி. இடது கைக்காரர்களை அப்படியே விட்டுத் திணற வேண்டும், இல்லையென்றால் பெஞ்சில் இருப்பவர்களை முன்கூட்டியே செலவழிக்க வேண்டும். தாளில் பார்த்தால் அழகான திட்டம்.

அன்று இரவு வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் ஷ்னைடரை வறுத்தெடுத்தார்கள். நான் ஒருத்தன் மட்டும் அவருக்காக வாதாடினேன். வேலையில் நாள் முழுக்க எண்களோடு புழங்குகிறவன், அந்தத் திமிர் கொஞ்சம் இருந்தது. "நம்ம பேட்டர்கள் ஒரு ரன்கூட எடுக்கல. பூஜ்யம் ரன்னுக்கு எந்த பிட்சர் வந்து ஜெயிச்சுக் கொடுப்பான்? பெரியோஸ் ஒன்பது இன்னிங்ஸ் வீசியிருந்தாலும் ஜெயிச்சிருக்க முடியாது" என்று எழுதினேன். விளாடிமிர் கெரேரோ ஜூனியர் இரண்டாவது பேஸில் அசந்து நின்று அவுட் ஆனதையும் சேர்த்துக்கொண்டேன்.

அந்த வாதம் இன்றைக்கும் பொய் இல்லை. ஆனால் கேள்வி அதுவல்ல என்பது எனக்குப் புரிய நாளானது. தோற்றதால் அந்த முடிவு தப்பாகிவிடவில்லை. ஜெயித்திருந்தாலும் தப்புதான். அந்தத் திட்டம் போடப்பட்டது சராசரி பெரியோஸை மனதில் வைத்து. அன்று மேட்டில் நின்றவர் சராசரிக்கு மேலே இருந்தார். மூன்று இன்னிங்ஸில் ஐந்து ஸ்ட்ரைக்அவுட் என்பது புதிய தகவல். அதை எழுத அந்தத் திட்டத்தில் ஒரு கட்டம்கூட இல்லை. எங்கள் தொழிலில் சொன்னால், திரையில் எல்லாமே பச்சையாக இருக்கும்போது, போன வாரம் எழுதிய ரன்புக்கில் ஏழாவது ஸ்டெப் இதுதான் என்பதற்காக ஓடுகிற சர்வரை நிறுத்துவது மாதிரி.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. மூன்று இன்னிங்ஸ் நன்றாக வீசியவர் நாலாவதும் நன்றாகத்தான் வீசுவார் என்று என்ன நிச்சயம்? நிச்சயம் இல்லை. ஒரே பிட்சரை மூன்றாவது தடவை சந்திக்கும்போது பேட்டர்கள் நன்றாக அடிக்கிறார்கள் என்பது பல வருஷக் கணக்குகளில் தெரிகிற விஷயம். 2020 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் டாம்பா பே மேனேஜர் கெவின் கேஷ், ஒன்பது ஸ்ட்ரைக்அவுட் எடுத்திருந்த பிளேக் ஸ்னெல்லை 73 பந்துகளில் வெளியே எடுத்தார். 1-0 என்று முன்னணியில் இருந்த ஆட்டம் 3-1 என்று போனது, டாட்ஜர்ஸ் கோப்பையைத் தூக்கியது. ஆனால் அங்கே மூக்கி பெட்ஸ் மூன்றாவது தடவை பேட்டோடு வந்துகொண்டிருந்தார். ஒப்புக்கொள்ளாவிட்டாலும் காரணம் விளங்கும். பெரியோஸுக்கு அன்று ஓடிக்கொண்டிருந்தது இரண்டாவது சுற்றுதான்.

இன்னொரு நஷ்டமும் இருந்தது, ஸ்கோர்போர்டில் வராத நஷ்டம். இவ்வளவு நன்றாக வீசியும் எடுத்துவிடுவார்கள் என்றால், நாம் இன்று எப்படி ஆடினோம் என்பதற்கு என்ன மரியாதை என்று டகவுட்டில் இருப்பவர்கள் நினைக்க மாட்டார்களா? விட் மெரிஃபீல்ட் மாதிரி வீரர்களே அந்த முடிவை வெளிப்படையாக விமர்சித்தார்கள். அடுத்த வருஷம், 2024-ல், அணி 74 ஆட்டங்கள் மட்டுமே ஜெயித்துப் பிரிவில் கடைசி இடம். அதற்குக் காரணங்கள் பல. இதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை.

அப்புறம் 2025 வந்தது. 94 வெற்றிகள், பிரிவில் முதலிடம். பிளேஆஃபின் முதல் தொடர் யாங்கீஸோடு. ரோஸ்டரைப் பார்த்ததும் தலையில் கை வைத்தேன். மேக்ஸ் ஷெர்சர் இல்லை, கிறிஸ் பாஸிட் இல்லை. ஆனால் பெரிய லீகில் மொத்தமே மூன்று ஆட்டம் ஆடிய 22 வயது ட்ரே யெசாவேஜ் இருக்கிறார். சீசன் தொடங்கும்போது சிங்கிள்-ஏ மட்டத்தில் இருந்த பையன்! இரண்டாவது ஆட்டத்தில் அவர் ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் 11 ஸ்ட்ரைக்அவுட் எடுத்தார். ஆறாவது இன்னிங்ஸில், 78 பந்துகளோடு, ஷ்னைடர் அவரையும் வெளியே எடுத்தார். நோ-ஹிட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே!

2023-ல் செய்த அதே வேலைதானே என்று கேட்கலாம். இல்லை. அப்போது அணி 12-0 என்று முன்னணியில் இருந்தது. இன்னும் பல வாரம் தேவைப்படப்போகிற இளம் தோள் அது. காரணம் கண்முன்னால் இருந்தது. பின்னாளில் அதே பையன் உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் 12 ஸ்ட்ரைக்அவுட் எடுத்தார்.

என் மனதை முழுசாக மாற்றியது சியாட்டில் மரினர்ஸோடு நடந்த அடுத்த தொடர். ப்ளூ ஜேஸ் 2-1 என்று பின்தங்கியிருக்க, நாலாவது ஆட்டத்தில் 41 வயது ஷெர்சரை இறக்கினார்கள். அந்த சீசனில் அவருடைய ஈ.ஆர்.ஏ. 5.19. அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக ஐந்து ரன்னுக்கு மேல் கொடுத்தவர். எண்களை மட்டும் கேட்டால் சீக்கிரம் எடுத்துவிடு என்றுதான் சொல்லும். ஐந்தாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட் ஆனதும் ஷ்னைடர் மேட்டை நோக்கி நடந்தார். ஷெர்சர் அவர் முகத்துக்கு நேராகக் கத்தினார். டி.வி.யில் பார்த்தவர்களுக்கு வார்த்தை கேட்காவிட்டாலும் அர்த்தம் புரிந்தது. ஷ்னைடர் திரும்பி நடந்தார். ஷெர்சர் அடுத்த பேட்டர் ராண்டி அரோஸரேனாவை ஸ்ட்ரைக்அவுட் ஆக்கினார். மொத்தம் 5 2/3 இன்னிங்ஸ், இரண்டே ரன். ஆட்டம் 8-2, தொடர் சமன்.

கத்தினால் விட்டுவிட வேண்டும் என்பது என் கட்சி இல்லை. பிட்சர்கள் எல்லோருமே இன்னும் வீசுவேன் என்றுதான் சொல்வார்கள். என் கட்சி வேறு. 2023-ல் ஷ்னைடர் முடிவை எடுத்துவிட்டு மேட்டுக்கு வந்தார். 2025-ல் முடிவை எடுக்க மேட்டுக்கு வந்தார். அதே மனிதர், இரண்டு வருஷத்தில் கற்றுக்கொண்டது அதுதான்.

சரி, அந்த ஏழாவது ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸின் கடைசிப் பாதி, 4-4. ஒரு அவுட் ஆனபின் போ பிஷெட் ஒரு சிங்கிள் அடித்தார். செப்டம்பரில் முழங்காலில் அடிபட்டு, உலகத் தொடருக்குத்தான் திரும்பியிருந்தார், ஓட முடியாத நிலை. அவருக்குப் பதிலாக ஐசையா கைனர்-ஃபலெஃபா ஓட இறக்கப்பட்டார். மூன்றாவது இன்னிங்ஸில் ஒஹ்தானி பந்தில் மூன்று ரன் ஹோம் ரன் அடித்த பேட்டர் வெளியே. நம் பஞ்சாயத்தில் பாதிப் பேர் திட்டுவது இந்த மாற்றத்தைத்தான். நான் ஆதரிக்கிறேன். அந்த ஒரு ரன் வந்தால் 1993-க்குப் பிறகு முதல் கோப்பை. அந்த இடத்தில் ஓடத் தெரிந்த கால் வேண்டும். விலை பெரியதுதான். 11-வது இன்னிங்ஸில் ஒரு ரன் பின்தங்கியிருக்க, கெரேரோ டபுள் அடித்து நின்றபோது அடுத்து வந்தது பிஷெட் இல்லை, கைனர்-ஃபலெஃபா. அவர் பன்ட் செய்தார். அந்த விலை தெரிந்தேதான் ஒன்பதாவதில் மாற்ற வேண்டும்.

தப்பு வேறு இடத்தில் நடந்தது. பேஸ்கள் நிரம்பி, ஒரு அவுட். டால்டன் வார்ஷோ தரையோடு ஒரு பந்தை அடித்தார். மிகெல் ரோஹாஸ் தடுமாறி எடுத்து ஹோமுக்கு எறிந்தார். மூன்றாவது பேஸிலிருந்து ஓடிய கைனர்-ஃபலெஃபா மயிரிழையில் அவுட். அவர் பேஸை ஒட்டியே நின்றிருந்தார். லைன் டிரைவ் பிடிபட்டால் டபுள் பிளே ஆகிவிடக் கூடாது என்று அப்படி நிற்கச் சொல்லியிருந்தார்கள் என அவரே பிறகு விளக்கினார். ஏன் அந்தப் பயம்? முந்தின இரவு ஆறாவது ஆட்டம் முடிந்ததே அப்படித்தான். பிடிபட்ட பந்தில் இரண்டாவது பேஸுக்குத் திரும்ப முடியாமல் அடிசன் பார்கர் அவுட்.

சூடு கண்ட பூனை அடுப்படியை நாடாது என்பார்கள். 2023-ல் முன்கூட்டிய திட்டம் கண்ணை மறைத்தது. இங்கே முந்தின நாள் காயம் மறைத்தது. இரண்டிலும் நோய் ஒன்றுதான்: எதிரே இருக்கிற ஆட்டத்தை விட்டுவிட்டு வேறு ஒரு நாளின் ஆட்டத்தை ஆடுவது.

எதிரணியையும் பாருங்கள். பேட்டிங்கில் பெரிய பேர் இல்லாத ரோஹாஸை மேனேஜர் டேவ் ராபர்ட்ஸ் கடைசி இரண்டு ஆட்டங்களுக்கு லைனப்பில் கொண்டுவந்தார். ஒன்பதாவதில் ஆட்டத்தைச் சமன் செய்த ஹோம் ரன்னும் அவருடையது, அந்த எறிதலும் அவருடையது. அடித்து ஆட முடியாமல் உட்கார்ந்திருந்த ஆண்டி பாஹேஸைத் தடுப்புக்காக ஒன்பதாவதில் இறக்கினார். எர்னி கிளெமெண்ட் அடித்த, நம் கோப்பையைச் சுமந்துகொண்டு பறந்த பந்தை அவர்தான் பிடித்தார். முந்தின இரவு 96 பந்து வீசிய யமமோட்டோவை மறுபடி இறக்கி எட்டு அவுட் எடுக்க வைத்தார். இதில் அதிர்ஷ்டம் நிறைய உண்டு. ஆனாலும் மூன்றுமே அந்த நிமிஷத்துக்கு என்ன தேவை என்று பார்த்துச் செய்த மாற்றங்கள்.

கணக்கா, மனசா என்று இங்கே ரேடியோவிலும் கடையிலும் நடக்கிற சண்டையில் எனக்கு இனி ஆர்வம் இல்லை. கணக்கு வேண்டும். அதோடு, என்ன பார்த்தால் இந்தத் திட்டத்தைக் கைவிடுவேன் என்று ஆட்டத்துக்கு முன்பே எழுதி வைத்த ஒரு வரியும் வேண்டும். அந்த வரி இல்லாத திட்டத்தை நான் ஆபீஸிலேயே ஒப்புக்கொள்வதில்லை. அன்று ப்ளூ ஜேஸுக்காக மட்டும் ஏன் வாதாடினேன் என்று தெரியவில்லை.

அண்ணையிடம் இதில் பாதியைச் சொன்னேன். அவர் மசியவில்லை. "என்ன சொன்னாலும் ரெண்டடி தம்பி, ரெண்டடி" என்றார். கல்லாவில் நின்ற அவருடைய மகள், இங்கேயே பிறந்தவள், பள்ளியில் சாஃப்ட்பால் ஆடுகிறவள், நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா, அவர் ரெண்டடி தள்ளி நிண்டு லைன் டிரைவில அவுட் ஆகியிருந்தா, முதல் ஆளா நீங்கள்தான் ஏசியிருப்பியள்."

அண்ணை ஒன்றும் பேசாமல் என் பார்சலில் சம்பல் கொஞ்சம் கூடுதலாக வைத்தார்.