கருவறையைத் தொடும் பேரிடர்

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை காரைக்கால் கரையைத் தாக்கியபோது கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி ஆகிய மீனவ ஊர்கள் பேரிழப்புக்கு உள்ளாயின. மாண்டோரையும் உடைந்த படகுகளையும் நாம் கணக்கிட்டோம். அன்று தாய் வயிற்றில் இருந்த சிசுக்கள் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. அவர்கள் இன்று இருபது வயதை எட்டிவிட்டனர்.

தாய் பட்ட துன்பம் கருவைத் தொடுமா? கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 1998 ஜனவரியில் பெய்த உறைபனி மழை, இலட்சக்கணக்கானோரை நாட்கணக்கில் மின்சாரமின்றித் தவிக்கவிட்டது. அப்போது கருவுற்றிருந்த தாய்மாரின் குழந்தைகளைச் சூசன் கிங் தலைமையிலான ஆய்வாளர்கள் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். தாய் அனுபவித்த புற இன்னலையும் அவள் உணர்ந்த மனக்கலக்கத்தையும் அவர்கள் தனித்தனியே அளந்தனர். மின்சாரமிழந்த நாட்கள், இடப்பெயர்வு, பொருளிழப்பு போன்ற இன்னல்கள் மிகுந்திருந்தவிடத்து, குழந்தைகளின் அறிவுத்திறனும் மொழித்திறனும் இரண்டு வயதிலும் ஐந்தரை வயதிலும் சராசரியாகக் குறைந்திருந்தன. ஆகவே, 'கவலைப்படாதே' என்று தாய்க்குச் சொல்வது மட்டும் போதாது. அவளுடைய இன்னலைக் குறைத்தாக வேண்டும்.

இதன் வழி என்ன? துன்பத்தில் தாயின் இரத்தத்தில் கார்டிசால் என்னும் சுரப்பு மிகுகிறது. நஞ்சுக்கொடியிலுள்ள ஒரு நொதி அதன் பெரும்பகுதியைச் செயலிழக்கச் செய்து கருவைக் காக்கிறது. நெருக்கடி மிகும்போது இக்காவல் தளரக்கூடும் என்பது ஆய்வாளர் முன்வைக்கும் விளக்கங்களுள் ஒன்று.

எனினும் இவை சராசரிகளே. எந்தத் தனிப் பிள்ளையின் தலைவிதியும் அல்ல. 2011இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து வெள்ளத்தின்போது கருவுற்றிருந்தோரை ஆராய்ந்தவர்கள் ஆறுதலான செய்தி ஒன்றைக் கண்டனர். கர்ப்பகாலம் முழுவதும் அறிமுகமான அதே மருத்துவச்சியின் கவனிப்பைப் பெற்ற தாய்மாரிடம், வெள்ளத் துயரத்தின் பின்விளைவு குறைந்திருந்தது. அவர்தம் குழந்தைகளின் ஆறு மாத வளர்ச்சியும் மேம்பட்டிருந்தது.

கருவுற்றவளின் சுமையைத் தனித்துக் கருதுவது நமக்குப் புதிதன்று. ரமளான் நோன்பில் அவளுக்குச் சலுகை உண்டு. தலாக் பெற்றவளாயினும் பிரசவம் வரை அவளுக்குச் செலவளிக்க வேண்டுமெனத் திருக்குர்ஆனின் தலாக் அத்தியாயம் கட்டளையிடுகிறது. மணமுறிவிலும் நீங்காத அக்கடமை, பேரிடரில் நீங்கிவிடுமா?

2018 நவம்பரில் கஜா புயல் இதே கரையை அலைக்கழித்தது. இனியும் புயல்கள் வரும். அப்போது நம் ஜமாஅத்துகளும் மீனவப் பஞ்சாயத்துகளும் தெருவாரியாகக் கருவுற்றோர் பட்டியலைக் கையில் வைத்திருக்கட்டும். நிவாரண முகாமில் அவர்களுக்குத் தனியிடமும், முதல் உணவும், பேறுகாலம் வரை வந்து பார்க்கும் ஒரே செவிலியும் கிடைக்கட்டும். கடலைத் தடுப்பது நம் கையில் இல்லை. இவை நம் கையில் உள்ளன.