அலமாரிக்குள் கிடந்த ஜோன்

1431ஆம் ஆண்டு. பிரான்சின் ரூவன் நகரில், ஏறத்தாழ 19 வயதுப் பெண்ணான ஜோன் ஆஃப் ஆர்க்கை மத நீதிமன்றம் விசாரித்தது. கேள்விகளையும் அவள் சொன்ன பதில்களையும் எழுத்தர்கள் குறித்துவைத்தார்கள். முடிவில், அவள் உயிரோடு எரிக்கப்பட்டாள். 25 ஆண்டுகள் கழித்து அந்தத் தீர்ப்பு செல்லாது என்று திருச்சபையே அறிவித்தது. யாருக்கு என்ன பயன்?

ஆனால் ஏடுகள் எரியவில்லை. வரலாற்றாசிரியர் ஜூல் கீஷெரா 1840களில் அவற்றை ஐந்து தொகுதிகளாகப் பதிப்பித்தார். அந்த ஆவணங்களிலிருந்து பெர்னார்ட் ஷாவுக்கு ஒரு நாடகம் கிடைத்தது. டென்மார்க் இயக்குநர் கார்ல் டிரேயருக்கு, 1928இல், ஒரு மௌனப் படம். விசாரணையில் பதிவான பேச்சுதான் அதன் வசனம்.

அதே ஆண்டு படத்தின் மூல நெகட்டிவ் தீயில் அழிந்தது. ஒதுக்கிவைத்த காட்சிகளைக் கோத்து டிரேயர் இன்னொரு வடிவம் செய்தார். அதையும் நெருப்பு விடவில்லை.

1981இல் நார்வேயின் ஆஸ்லோவுக்கு அருகே, ஒரு மனநல மருத்துவமனை அலமாரியில் சில படச்சுருள்கள் அகப்பட்டன. பிரித்துப் பார்த்தால், பிரெஞ்சுத் தணிக்கையின் கத்திரி படாத முழுப் படம்! அப்போது டிரேயர் இறந்து 13 ஆண்டுகள் ஆகியிருந்தன.